வட்டமடிக்கும் செய்தி



சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ஆம் ஆண்டில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அப்பாதையில் நாள்தோறும் செல்பவன் நான். கணிப்பொறி வலையமைப்பின் வரலாற்றில் எழுந்த ஒரு சிக்கலை அப்பாதையைக் கொண்டே விளங்கிக்கொண்டேன்.

ஒவ்வொரு நிலையத்தாரும் அண்டை நிலையத்தார் சொல்வதை மட்டுமே அறிவர் என வைத்துக்கொள்வோம். தாம்பரம், சானடோரியத்துக்கு ஒரு நிறுத்தத் தொலைவு, குரோம்பேட்டைக்கு இரண்டு. ஒருநாள் தாம்பரத்துக்கும் சானடோரியத்துக்கும் இடையே பாதை அறுந்துவிடுகிறது. அதை அறியாத குரோம்பேட்டையார், "தாம்பரம் எமக்கு இரண்டு நிறுத்தம்" என்கிறார். அவ்வழி தம் வழியே என்பதை உணராத சானடோரியத்தார், "அப்படியானால் எமக்கு மூன்று" என்று குறித்துக்கொள்கிறார். அதைக் கேட்டு அவர் நான்கு என்கிறார். எண் ஏறிக்கொண்டே போகும். பயணியோ இரு நிலையங்களுக்கிடையே அலைந்துகொண்டே இருப்பார்.

1969-இல் அமெரிக்காவில் பிறந்த ஆர்ப்பாநெட் முதலில் இவ்வகை முறையையே கைக்கொண்டு, 1979-இல் அதனைக் கைவிட்டது. ஆயினும் அம்முறை எளிமையால் மறையவில்லை. 1988-இல் வெளிவந்த ஆர்.ஐ.பி. விதிநூல், எண் 16-ஐத் தொட்டால் 'வழியில்லை' எனக் கொள்ளுமாறு வரம்பு கட்டியது.

விதி சரியானதுதான் என்பதை எவ்வாறு அறிவது? ஆயிரம் முறை ஓட்டிப் பார்க்கலாம். ஆயிரத்தோராவது முறை தவறலாம் அன்றோ? கார்த்திகேயன் பார்கவன், டேவர் ஒப்ராடோவிச், கார்ல் குன்டர் ஆகிய மூவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் வேறு வழி கண்டனர். எல்லா நிலைகளையும் துருவிப் பார்க்கும் ஸ்பின் என்னும் கருவியையும், தர்க்க நிறுவலுக்குத் துணைபுரியும் எச்.ஓ.எல். என்னும் கருவியையும் இணைத்து, ஆர்.ஐ.பி. சரியான வழிகளில் வந்து நிலைபெறும் என்பதை நிறுவினர். நடமாடும் கம்பியில்லாக் கருவிகளுக்கான ஏ.ஓ.டி.வி. என்னும் விதிமுறையையும் ஆராய்ந்தனர். அதன் வரைவு தெளிவாகச் சொல்லாது விட்ட இடங்களில் செய்தி வட்டமடிக்கக்கூடும் என்று கண்டு, திருத்தமும் கூறினர்.

நிறுவப்பட்டது விதிதான், விதியை மீறும் பொறிக்கு அந்நிறுவல் காவலாகாது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

தர்க்கத்தால் நிரல்களைச் சரிபார்க்கும் இக்கலை நமக்குத் தொலைவிலில்லை. 1962-இல் தோன்றிய தரமணிக் கணித அறிவியல் நிறுவனத்திலும், சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனத்திலும் அதனைப் பயின்று ஆராய்வோர் உளர்.

இன்றிரவு ஒரு தாளில் அம்மூன்று நிலையங்களையும் வரைந்து, எண் 16-ஐத் தொடும்வரை கணக்கிடுங்கள். பின்னர்ப் பல்லாவரத்தையும் சேர்த்துப் பாருங்கள்.