எங்கள் ஊர்ப் பேயும் மெக்சிகோ நாட்டுப் பாட்டியும்

பிரான்சில் இருக்கும் என் மகன் குடும்பத்தோடு மாங்கனித் திருவிழாவுக்கு வந்திருந்தான். ஆனிப் பௌர்ணமி ஜூலையில் வந்தால்தான் அங்கே பள்ளி விடுமுறையோடு ஒத்துப்போகும். பேத்திக்குப் பத்து வயது. விமானத்திலிருந்து இறங்கும்போதே கையில் ஒரு தடித்த புத்தகம். மெக்சிகோ நாட்டுப் பழங்கதைகளை வைத்து எழுதிய சிறுவர் நாவலாம், பிரெஞ்சில். அதில் ஒரு சிறுமி. அவள் வீட்டுப் பெண்களுக்குப் பரம்பரையாக மந்திரம் தெரியும். செத்துப்போன பாட்டி எலும்புக்கூடாக வந்து அவளுக்கு வழிகாட்டுகிறாள்.

இரண்டு நாளில் படித்து முடித்துவிட்டு என்னிடம் வந்து, "தாத்தா, நம்ம வீட்ல இந்த மாதிரிப் பாட்டி யாராவது இருந்தாங்களா?" என்று கேட்டாள்.

முதலில் மெக்சிகோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அங்கே நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தவர்களுக்கு விழா எடுக்கிறார்கள். முதல் நாள் இறந்துபோன குழந்தைகளுக்கு, மறுநாள் பெரியவர்களுக்கு. சர்க்கரையில் மண்டையோடு செய்து பிள்ளைகளுக்குத் தின்னக் கொடுப்பார்கள். 1913-இல் இறந்த ஹோசே குவாதலூப்பே பொசாதா என்ற சித்திரக்காரர் பெரிய தொப்பி போட்ட ஒரு எலும்புக்கூட்டு சீமாட்டியை வரைந்தார். இன்று அந்த விழாவின் அடையாளமே அவள்தான். 2017-இல் வந்த 'கோகோ' என்ற கார்ட்டூன் படத்தில் ஒரு பையன் பூக்களால் ஆன பாலத்தைக் கடந்துபோய்த் தன் கொள்ளுப் பாட்டனார் பாட்டிமாரை எலும்புக்கூடுகளாகவே சந்திப்பான். பேத்தியோடு உட்கார்ந்து நானும் பார்த்தேன். அந்தப் பாலத்துப் பூ வேறொன்றுமில்லை, நம் கடைத்தெருவில் கூறுகட்டி விற்கிற துலுக்கச் சாமந்திதான். அதன் சொந்த நாடு மெக்சிகோ. பதிலுக்கு நம் மாம்பழம் பிலிப்பைன்ஸ் தீவுகளிலிருந்து ஸ்பானியக் கப்பலேறி மெக்சிகோ போயிருக்கிறது. நான் பள்ளியில் படித்த 'மாங்க்' என்ற பிரெஞ்சுச் சொல்லும் நம் பக்கத்து 'மாங்கா'யைப் போர்த்துக்கீசியர் வாயில் போட்டு மென்று கொடுத்ததுதான்.

காரைக்காலில் நவம்பர் 2 கல்லறைத் திருநாள். எங்கள் தெரு கிறிஸ்தவ நண்பர்கள் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, பூப் போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். நவம்பர் 1 வேறு விதத்தில் எங்களுக்கு முக்கியம். 1739 முதல் எங்களை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் 1954-இல் அதே நாளில்தான் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். அப்போது எனக்கு நான்கு வயது, ஒன்றும் நினைவில்லை. ஆட்சி மாறியும் பிரெஞ்சுப் பள்ளி மாறவில்லை. நான் அதில்தான் படித்தேன். பெர்ரோவின் தேவதைக் கதைகளை முசியே வாசிப்பார். தேவதைக்குப் பிரெஞ்சில் 'ஃபே'. எங்கள் காதில் அது 'பே' என்றுதான் விழுந்தது. சிண்ட்ரெல்லாவுக்குப் பூசணிக்காயை வண்டியாக்கிக் கொடுத்தது ஒரு பேய் என்றே பாதி வகுப்பு நம்பியது. இரண்டு சொல்லுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அப்படி நம்பியதில் ஆச்சரியமும் இல்லை.

ஏனென்றால் எங்கள் ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவரே ஒரு பேய்தான்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். வணிகர் தலைவன் தனதத்தன் மகள் புனிதவதி. நாகப்பட்டினத்து வணிகர் வீட்டுப் பிள்ளை பரமதத்தன் அவள் கணவன். அவன் கொடுத்தனுப்பிய இரண்டு மாம்பழத்தில் ஒன்றைச் சிவனடியாருக்குப் போட்டுவிடுகிறாள். கணவன் வந்து ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதையும் கேட்க, அவள் வேண்ட, கையில் ஒரு பழம் வருகிறது. அதன் ருசியே வேறு. எங்கே கிடைத்தது என்று கேட்டு, இன்னொன்று வரவழைக்கச் சொல்கிறான். வருகிறது, அவன் வாங்கியதும் மறைகிறது. பயந்துபோனவன் கப்பலேறிப் போய்ப் பாண்டி நாட்டில் வேறு பெண்ணைக் கட்டி, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயர் வைக்கிறான். பிறகு உறவினர் அவளை அங்கே அழைத்துப் போனபோது, மனைவி மகளோடு அவள் காலில் விழுகிறான். இனி யாருக்காக இந்த அழகு என்று சதையை உதறிப் பேயுருக் கொண்டு, கயிலைக்குத் தலையாலே நடந்து போகிறாள். சிவபெருமான் 'அம்மையே' என்று கூப்பிடுகிறார்.

இந்தக் கதையை நாம் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்கிறோம்? மாம்பழம் வரும், மறையும், எல்லாரும் கும்பிடுவார்கள், அதோடு சரி. பேயாக மாறியதை ஒரு வரியில் முணுமுணுத்துவிட்டு நகர்ந்துவிடுவோம். நானும் என் மகனுக்கு அப்படித்தான் சொன்னேன்.

சரித்திரப்படி பார்த்தால் இது தலைகீழ். அம்மையார் காலம் 6-ஆம் நூற்றாண்டு என்று பெரும்பாலும் சொல்கிறார்கள். அவர் பாட்டில் மாம்பழம் கிடையாது, கணவனும் கிடையாது. ஆனால் தன் பெயரைச் சொல்லும் இடத்தில் 'காரைக்கால் பேய்' என்றே சொல்லிக்கொள்கிறார். திருவாலங்காட்டுப் பதிகங்களில் சுடுகாட்டுப் பேய்கள் குடும்பம் நடத்துகின்றன, பிள்ளைக்குப் பெயர் வைக்கின்றன. அடுத்து சுந்தரர், திருத்தொண்டத்தொகையில் அவரைப் 'பேயார்' என்றுதான் குறிப்பிடுகிறார். மாம்பழக் கதை விரிவாக வருவது 12-ஆம் நூற்றாண்டில், சேக்கிழார் பெரியபுராணத்தில். அதாவது பேய் முந்தி, மாம்பழம் பிந்தி.

சிற்பிகளும் பேயைத்தான் செய்தார்கள். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடவல்லான் காலடியில் எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருப்பவர் அவர். 967-இல் எழுந்த கம்போடியாவின் பந்தியாய் ஸ்ரீ கோயிலிலும் ஆடும் சிவன் பக்கத்தில் இருக்கிறார். கடல் கடந்து போனதும் அந்த மெலிந்த உருவம்தான். கையில் தாளத்தோடு உள்ள சோழர் காலத்துச் செப்புத் திருமேனி ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோயில்களில் அறுபத்துமூவர் வரிசையைப் பாருங்கள், எல்லாரும் நிற்க, அவர் மட்டும் உட்கார்ந்திருப்பார்.

இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது தமிழில் அல்ல என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. புதுச்சேரியில் எழுத்தராக இருந்த காலத்தில் காராவேலன் பிரெஞ்சில் மொழிபெயர்த்த அம்மையார் பாடல்கள் கைக்குக் கிடைத்தன. 1956-இல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் வெளியிட்டது, ழான் ஃபிலியோசா முன்னுரையோடு. எங்கள் ஊர்க்காரியை நான் பிரெஞ்சில் படித்துவிட்டுப் பிறகுதான் தமிழுக்கு வந்தேன்.

என் அப்பாயிக்கு எழுத்தே தெரியாது. ஆனால் அவர் கதை சொன்னால் பேய்தான் பெரிய பங்கு. கன்னத்தை உள்ளே இழுத்து, கண்ணை விழித்து, இரண்டு கையையும் தரையில் ஊன்றித் தலையால் நடப்பது போலக் காட்டுவார். நாங்கள் சிரிப்போம். "நம்மூட்டுப் பேய்டா, அது யாரை என்ன பண்ணும்?" என்பார்.

நான் அதை மறந்துபோனேன். 1994-இல் என் அம்மா கடைசி நான்கு மாதம் படுக்கையில் கிடந்தார்கள். கன்னம் ஒட்டி, விலா எலும்பு தெரிய, குரல் மட்டும்தான் பழைய குரல். மகனுக்கு அப்போது எட்டு வயது. பயந்துவிடுவான் என்று அவனைத் திருநள்ளாற்றில் மாமனார் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அம்மா அவனைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பரீட்சை என்று சொல்லி வைத்தேன். காரியம் முடிந்துதான் அழைத்து வந்தேன். நல்லது செய்ததாகத்தான் வெகு காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திருவிழா அன்று பிச்சாடனர் புறப்பாட்டில் வழக்கம்போல மாடிகளிலிருந்து மாம்பழங்கள் பறந்தன. பேத்திக்கு ஒன்று கிடைத்தது, கொஞ்சம் நசுங்கி. மறுநாள் விடியற்காலை பேயுருவில் இருக்கும் அம்மையாருக்கு இறைவன் காட்சி தரும் நிகழ்ச்சி. குழந்தை தூங்கட்டும் என்றேன். மகன், "வேண்டாம்ப்பா, அவ பாக்கட்டும்" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை.

மூவருமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். வீட்டுக்கு வந்ததும் பேத்தி அந்த மாம்பழத்தை எடுத்துப்போய்க் கூடத்தில் என் அம்மா படத்துக்கு முன்னால் வைத்தாள். படம் என் கல்யாணத்தில் எடுத்தது. நல்ல சதைப்பற்றான முகம். "இந்தப் பாட்டி ஒல்லியாவே இல்லையே" என்றாள். கடைசியில் ஒல்லியாகத்தான் இருந்தார்கள் என்றேன். எப்படி என்று கேட்டாள். பக்கத்தில் மகனும் வந்து உட்கார்ந்துகொண்டான். நான் கன்னத்தை உள்ளே இழுத்துக் காட்டினேன்.