வேம்பநாட்டு மின்படகும் மின்கல அடுக்கின் வரலாறும்

மின்படகின் வரலாறு பெரும்பாலும் மோட்டாரின் வரலாறாகவே எழுதப்படுகிறது. படகை உந்தும் மோட்டார் 1838-லேயே கைக்கு வந்துவிட்டது. அவ்வாண்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், நேவா ஆற்றில், மோரிட்ஸ் யாக்கோபி பன்னிருவருக்கு மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு மின்படகு செலுத்தினார். ஆனால், அவருடைய மின்கலங்கள் துத்தநாகத்தைத் தின்று மின்சாரம் தந்தவை, தீர்ந்தால் தீர்ந்ததுதான். மீள்மின்னேற்றம் செய்யத்தக்க ஈய-அமிலக் கலத்தைக் காஸ்தோன் பிளாந்தே ஆக்கியது 1859-இல். ஆயினும் 1881-இல் பாரிசின் சென் ஆற்றில் குஸ்தாவ் துரூவே ஓட்டிய படகும் ஒருமுறைப் பயன்பாட்டுக் கலங்களையே நம்பியிருந்தது.

(‘பாட்டரி’ என்பது பீரங்கி வரிசையைக் குறித்த படைத்துறைச் சொல். இணைக்கப்பட்ட லெய்டன் சாடிகளுக்கு அதைப் பெயர்த்து வைத்தவர் பெஞ்சமின் பிராங்ளின். தமிழின் ‘மின்கல அடுக்கு’ அந்த வரிசைப் பொருளை இழக்கவில்லை.)

ஈய-அமிலக் கலம் வந்த பின்னரும் பயணிகள் படகு அதனால் எளிதாகிவிடவில்லை. அதன் கொள்ளளவில் ஏறத்தாழப் பாதியைத்தான் ஆயுள் குறையாமல் எடுக்க முடியும். நாற்பது யூனிட் வேண்டுமெனில் எண்பது யூனிட் அடுக்கைச் சுமக்க வேண்டும். எடை இரண்டு டன்னைத் தாண்டிவிடும். எடை கூடினால் படகு தாழும், தாழ்ந்தால் நீரின் தடை பெருகும், மின்செலவும் ஏறும். இச்சுழலை உடைத்தது லித்தியம்.

2017 ஜனவரி 12 அன்று கேரள நீர்ப்போக்குவரத்துத் துறையின் ‘ஆதித்யா’ வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. தமிழ் வாசகர்க்கு வைக்கம் 1924-ஆம் ஆண்டுப் போராட்டத்தால் அறிமுகமான ஊர். இரட்டை உடல் கொண்ட இப்படகில் 75 பேர் அமரலாம்; கூரையில் 20 கிலோவாட் சூரியத் தகடுகள், உள்ளே 50 யூனிட் லித்தியம் அடுக்கு. கணக்கு இதுதான்: நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடங்கள் வீதம் 22 நடைகள் என்றால் ஐந்தரை மணி நேரம். சராசரியாக 16 கிலோவாட் எனக் கொண்டால் 88 யூனிட் தேவை. நல்ல வெயிலில் கூரை தருவது சுமார் 80. மிச்சம் கரையிலிருந்து ஏற்றப்படுவது. இடவப்பாதி மழையில் அந்த மிச்சமே பெரும்பங்காகிவிடும். ‘சூரியப் படகு’ என்ற பெயர் இதை மறைக்கிறது. படகைக் காப்பது அடுக்கு.

அடுக்கைக் காப்பது கம்பியிடல். மோட்டார் வண்டியில் உடற்சட்டமே மின்னோட்டத்தின் திரும்புவழி. உவர்நீர் கலந்த காயலில் அவ்வாறு செய்தால் கசியும் மின்னோட்டம் உலோக உறுப்புகளை அரித்துவிடும். ஆகவே ஒவ்வொரு விளக்குக்கும் எக்கிக்கும் போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி. அதுவும் வெள்ளீயம் பூசிய செம்பு. உருகி அடுக்கின் முனையை ஒட்டியே இருக்க வேண்டும். தள்ளி வைத்தால், இடைப்பட்ட கம்பியில் குறுக்குச்சுற்று நேரும்போது அதைத் தடுக்க எதுவும் இராது.

லித்தியத்துக்கே உரிய இடர் வேறு. ஈய-அமில அடுக்கு தளர்ந்து தளர்ந்து ஓயும். லித்தியத்தின் மேலாண்மைக் கருவியோ, கலத்துக்குக் கேடு எனக் கண்டால் சட்டென்று இணைப்பைத் துண்டிக்கும். கலம் பிழைத்துவிடும், பயணிகள் நடுக்காயலில் நிற்பார்கள். எனவேதான் பயணிகள் படகில் அடுக்கைத் தனித்தனியே இயங்கும் பகுதிகளாகப் பிரிப்பதும், துண்டிப்புக்கு முன் ஓட்டுநருக்கு எச்சரிக்கை தருவதும் இன்றியமையாதவை.

2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி நீர் மெட்ரோ வேறொரு வழியைத் தேர்ந்தது. அதன் படகுகளில் உள்ளவை லித்தியம் டைட்டனேட் கலங்கள். எடைக்கு எடை குறைவான மின்சாரமே கொள்ளும். ஆனால், பயணிகள் ஏறி இறங்கும் சில நிமிடங்களில் கணிசமாக நிரம்பிவிடும். 2020-இல் மின்படகுகளுக்கான பன்னாட்டு விருதொன்று ஆதித்யாவுக்குக் கிடைத்தது. அவ்விருது துரூவேயின் பெயரால் அமைந்தது.