அளவுக்கு வெளியே ஒரு கூலி: மதுரைச் சமவெளியும் அரசாணை 52உம்

நூறு நாள் வேலையில் மாற்றுத்திறனாளிக்கு நான்கு மணி நேர உழைப்புக்கு முழு நாள் கூலி வழங்க வேண்டும் என்கிறது தமிழக அரசு 2012இல் பிறப்பித்த அரசாணை எண் 52. இதைச் சலுகை என்று சொல்வோர் உண்டு. இது கூலிநீதி என்பதும், அதைக் காத்த வழியிலேயே ஒரு விலக்கலும் புகுந்துவிட்டது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் இதன் சட்டப் பின்புலம். 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, ஊனமுற்ற தொழிலாளர்களின் ஊதியத்துக்கு அச்சட்டம் பொருந்தாது என ஆணையிட அரசுக்கு இடம் தந்தது. அமெரிக்காவின் 1938ஆம் ஆண்டு நியாய உழைப்புத் தரச் சட்டமும் தன் 14(சி) பிரிவில், சான்று பெற்ற நிறுவனங்கள் குறைந்தபட்சத்துக்கும் கீழே கூலி தர வழிவிட்டது. உற்பத்தி குறைந்தால் கூலியும் குறையலாம் என்பதே இரண்டுக்கும் அடிப்படை. அரசாணை 52 இந்தத் தர்க்கத்தைத் தலைகீழாக்குகிறது. உடலுக்கேற்ப மாறுவது வேலைநேரம், கூலி மாறுவதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேசும் நியாயமான தகவமைப்பு, அச்சட்டம் வருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே கண்மாய்க் கரையில் நடைமுறை வடிவம் பெற்றுவிட்டது.

நூறு நாள் வேலைக்கு அடிப்படையான 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் மதுரை மாவட்டத்துக்கு 2008 ஏப்ரலில், மூன்றாம் கட்டமாக வந்தது. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரங்களின் கண்மாய்களிலும் வரத்துக்கால்களிலும் ஊருணிகளிலும் பணி என்றால் பெரும்பாலும் மண்வேலைதான். மண்வேலைக்குக் கூலியைத் தீர்மானிப்பது அளவு. 2025-26க்குத் தமிழகத்தில் அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். வெட்டிய குழியின் நீள அகல ஆழம் குறைந்தால் கைக்கு வருவதும் குறையும். குழுவாக வெட்டிக் குழுவாக அளக்கும் இடத்தில் ஒருவரின் குறைவு எல்லோருடைய கூலியிலும் விழும். இந்நிலையில் கால் வலுவிழந்த ஒருவரைக் குழுவில் சேர்க்கச் சக தொழிலாளர்கள் தயங்கினால், அதை மனக்கோணல் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அந்தத் தயக்கத்தை உண்டாக்குவது கணக்கிடும் முறை.

அரசாணை இந்தச் சிக்கலை நேரடியாக அவிழ்க்கவில்லை, சுற்றிக்கொண்டு போனது. குடிநீர் வழங்குதல், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளுதல், காய்ந்த மண்ணை நனைத்தல் போன்றவற்றை மாற்றுத்திறனாளிகளுக்கு உரிய பணிகளாக்கியது. தண்ணீர் கொடுப்பதைக் கன மீட்டரில் அளக்க முடியாது. எனவே குழுவின் அளவும் குறையாது, அவர் கூலியும் குறையாது. கூலியைக் காப்பாற்றிய இந்த உத்தியே அவரை முதன்மைப் பணியிலிருந்து விலக்கியும் வைத்தது. கேட்கும் திறன் இல்லாதவருக்கு மண்வெட்டி பிடிக்க என்ன தடை? கைவினை தெரிந்தவரும் கணக்கு எழுதத் தெரிந்தவரும் தண்ணீர்க் குடத்தின் அருகிலேயே நிற்பானேன்? 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகை ஊனங்களை ஏற்கிறது. பணிப் பட்டியலோ எல்லோரையும் ஒரே வகையினராகப் பாவிக்கிறது.

நேரத்தைப் பொறுத்தும் இதே முரண் உண்டு. 2023 ஜனவரி முதல், தனிநபர் பயனாளிப் பணிகள் நீங்கலாக எல்லாப் பணியிடங்களிலும் செயலி வழியாக நாளுக்கு இரண்டு படங்கள் எடுத்து வருகையைப் பதிய வேண்டும் என்றானது. இரண்டாவது படம் தாமதமானால் நான்கு மணி நேரத் தொழிலாளியும் காத்திருக்கத்தான் வேண்டும். அரசாணை தந்த நேரத்தைச் செயலி திரும்ப வாங்கிக்கொள்ள வாய்ப்பிருக்கிறது.

அப்படியானால் வழி? அது 2005ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டத்தின் முதல் அட்டவணையிலேயே சொல்லப்பட்டது. பெண்கள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்குத் தனி வேலை அளவு விகிதம் வகுக்க வேண்டும் என்றது அது. அப்படி வகுத்தால், ஒருவர் அரை அளவு வெட்டினாலும் அவரது விகிதப்படி அது முழு வேலை, குழுவுக்கும் இழப்பில்லை. விலக்கு அளித்துக் கூலியைக் காப்பதைவிட, சேர்த்துக்கொண்டு காப்பது மேல். இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு: தனி அளவு வந்தால் 'இவர்களால் இவ்வளவுதான்' என்ற முத்திரை விழும். அது நியாயமான அச்சம். ஆனால் அளவே இல்லாத வேலை 'இவர்களால் எதுவுமே ஆகாது' என்ற முத்திரையைத் தருகிறதே! இரண்டில் முன்னதைத் திருத்திக்கொள்ள முடியும். எந்தப் பணியை ஏற்பது என்ற தேர்வைத் தொழிலாளியிடமே விட்டால் அந்த அச்சமும் பெருமளவு தணியும்.

நகரத்தின் நிலை வேறு. 2011இல் மதுரை மாநகராட்சி சுற்றுப்பகுதிகளைச் சேர்த்துக்கொண்டு 72 வார்டுகளிலிருந்து 100 ஆக விரிந்தது. ஊரகத்துக்கான இந்த உத்தரவாதம் மாநகர எல்லையில் நின்றுவிடும். ஊராட்சி மாநகராட்சியோடு இணையும்போது வரி விகிதத்தோடு, மாற்றுத்திறனாளியின் நான்கு மணி நேர முழுக்கூலியும் கணக்கில் வர வேண்டும்.

உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத்திருத்தங்களை 2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றியது. ஊராட்சி மன்றத்தில் அமரும் அந்த உறுப்பினர், தன் ஊர்ப் பணியிடத்தின் அளவுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். கூலிப் பட்டியலில் இருக்கும் ஒரு பெயர் அளவுக் கணக்கில் எங்கே என்று அவர் மன்றத்தில் கேட்கும்போதுதான், அரசாணை 52 தொடங்கிவைத்த வேலையின் மறுபாதி தொடங்கும்.