மூச்சைக் கவனித்தால் பிரஷர் குறையுமா?

கிள்ளானில் கொமுட்டர் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்குவதற்குள் டென்ஷன் ஏறிடுதா? கடைசியா எப்போ பிரஷர் பார்த்தீங்க?

2023 தேசிய சுகாதார ஆய்வுப்படி, மலேசியாவில் பெரியவர்களில் 29.2 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தம் உண்டு. வலிக்காது என்பதால் பலருக்கு அது இருப்பதே தெரியாது.

தியானம் எப்படி உதவும்?
டென்ஷனில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், இதயம் வேகமாகத் துடிக்கும். மெதுவான மூச்சு இதைத் தணிக்கும்.

எப்படிச் செய்வது?
நிமிர்ந்து உட்காருங்க. 4 விநாடி மூச்சை இழுத்து, 6 விநாடி விடுங்க. மனம் அலைந்தால் மறுபடி மூச்சுக்கே வாங்க. தினமும் 5 நிமிடத்தில் தொடங்கலாம். வழிகாட்டல் வேணுமா? பிரிக்ஃபீல்ட்ஸ் புத்த மகா விகாரையில் தியான வகுப்புகள் உண்டு.

மாத்திரையை நிறுத்தலாமா?
கூடவே கூடாது. தியானம் சிகிச்சைக்குத் துணை மட்டுமே என்கிறது அமெரிக்க இதயச் சங்கத்தின் 2017 அறிக்கை. அளவு 140/90-ஐத் தொட்டால் கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்க. அப்பா, அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க.