கட்டுத்துணியும் மயக்கத்தின் மறுபக்கமும்

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவாகும் வரை திருநெல்வேலி மாவட்டத்தில் அடங்கியிருந்தன; 1985 முதல் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. பஞ்சாலைகளும் விசைத்தறிகளும் பெருகிய இவ்வட்டாரத்தில், ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்கென்றே பெயர் பெற்றது. நூலை நெருக்காமல் இடைவெளி விட்டு நெய்து, பருத்தியின் இயல்பான மெழுகும் பாவில் ஏற்றிய கஞ்சியும் நீங்கும்படி காரநீரில் வேகவைத்து வெளுத்தெடுப்பதால், இத்துணி ஈரத்தை உடனே உறிஞ்சுவதோடு காற்றையும் தடையின்றி விடுகிறது. பெரும்பாலும் புண்ணுக்குக் கட்டுவதற்கென்றே இன்று அறியப்படும் இவ்வகைத் துணி, ஒரு காலத்தில் மயக்க மருந்தை நோயாளியின் மூச்சுக்குள் செலுத்தும் கருவியாகவும் விளங்கிற்று. கம்பிச் சட்டத்தின் மேல் காஸ் எனப்படும் இத்துணியைப் பல மடிப்பாக விரித்து, அதை மூக்கின் மேல் கவிழ்த்து, ஈதரையோ குளோரோஃபாமையோ சொட்டுச் சொட்டாக விட்டு ஆவியை உள்ளிழுக்கச் செய்வதே அம்முறை.

1846இல் பாஸ்டனில் மயக்க மருந்தாக மெய்ப்பிக்கப்பட்ட ஈதர், ஏறத்தாழ 35 பாகை செல்சியஸில் கொதித்துவிடுவதாலும் விளக்குச் சுடரில் எளிதில் தீப்பற்றுவதாலும் தென்னாட்டு வெப்பத்துக்குப் பொருந்தவில்லை. 61 பாகையில் கொதிப்பதும் எளிதில் தீப்பற்றாததுமான குளோரோஃபாமே ஆங்கிலேயர் ஆட்சிக்கால இந்திய மருத்துவமனைகளில் பெரிதும் விரும்பப்பட்டது. ஆனால் அதை மோந்தவர் சிலர் மேசையிலேயே இறந்தனர். மூச்சு முதலில் நிற்கிறதா, இதயம் முதலில் நிற்கிறதா என்ற வழக்கைத் தீர்க்க, நிஜாமின் பொருளுதவியுடன் மருத்துவர் எட்வர்ட் லாரி ஹைதராபாத்தில் 1888, 1889 ஆகிய ஆண்டுகளில் நடத்திய இரு குளோரோஃபாம் ஆய்வுக்குழுக்களும் மூச்சையே குற்றவாளியாக்கின. மயக்கம் ஆழமில்லாதபோதே இதயத் துடிப்பு சிதறி நின்றுவிடக்கூடும் என்பதை 1911இல் லெவி என்ற மருத்துவர் பூனைகளில் காட்டிய பின்னரே அத்தீர்ப்பு ஆட்டம் கண்டது.

சாவைப் பற்றி இத்தனை வாதம் நிகழ்ந்த காலத்தில், பிழைத்தவர் பட்ட பாடு அறுவைக்குத் தர வேண்டிய விலையாகவே கருதப்பட்டது எனலாம். ஈதர் இரத்தத்தில் மிகுதியாகக் கரைவதால் உடலை விட்டு மெல்லத்தான் நீங்கும். விழித்தவரின் மூச்சில் அதன் நெடி நெடுநேரம் வீசும். எச்சில் பெருகி, இருமல் எழுந்து, குமட்டலும் வாந்தியும் தொடரும். ஈதர் கொடுக்கப்பட்டவர்களில் நான்கில் மூவர்வரை வாந்தி எடுத்தனர் என்பது பொதுவான கணிப்பு. குளோரோஃபாமின் பின்விளைவோ சில வேளைகளில் நாள் கடந்து வெளிப்பட்டது: நலமாக விழித்த குழந்தைகள் பின்னர் ஈரல் கெட்டு இறந்ததை 1894இல் மருத்துவர் லெனார்ட் கத்ரி எழுதினார். 1956இல் நடைமுறைக்கு வந்த ஹாலோத்தேன் என்னும் மயக்க மருந்து தீப்பற்றாததும் இனிய மணமுடையதுமாக இருந்தும், விழிக்கும் நேரத்து நடுக்கத்தையும் அரிதாகக் கடும் ஈரல் அழற்சியையும் கூடவே கொண்டுவந்தது.

இன்றைய செவோஃப்ளூரேன் இரத்தத்தில் மிகக் குறைவாகவே கரைவதால் மயக்கம் விரைவில் தெளிகிறது. எனினும் அறுவைக்குப் பின் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குக் குமட்டலோ வாந்தியோ நேர்கிறது. பெண்களுக்கும், புகைபிடிக்காதவர்களுக்கும், மலைப்பாதைப் பேருந்தில் வாந்தி எடுக்கும் இயல்புள்ளவர்களுக்கும், அறுவைக்குப் பின் ஓபியம் வகை வலிநீக்கி பெறுபவர்களுக்கும் இது கூடுதல். இது குறைவாக நேர்வது, புகைபிடிப்போருக்கு மருத்துவத்தில் கிடைத்த அரிய சலுகை. நுரையீரல் அதை ஒப்புக்கொள்ளாது.

மயக்க மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடும் முறை மறைந்தபின் காஸ் துணி முகத்தை விட்டு விலகிற்றே தவிர, வாயை முழுவதும் விட்டுவிடவில்லை. மூக்கு, பல், தாடை அறுவைகளில் இரத்தம் மூச்சுக்குழாயில் இறங்காதிருக்க ஈரமாக்கிய காஸ் துணிச்சுருளைத் தொண்டையில் அடைத்து, முடிவில் மறவாமல் எடுப்பதற்காகக் கணக்கு எழுதி வைக்கும் வழக்கம் உண்டு. விழித்தபின் நோயாளி முதலில் கூறும் தொண்டை எரிச்சலில், மூச்சுக்காகச் செருகிய குழாய்க்கு ஒரு பங்கு இருப்பதுபோல் அத்துணிக்கும் ஒரு பங்கு உண்டு.