அந்த இமாமுக்கு உணவளித்தவர் யார்?

ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபஜ்ர் தொழுகைக்குப் பின் எங்கள் மஹல்லா பள்ளிவாசலில் கல்லூரி மாணவர்களுக்காக ஒரு ஹதீஸ் வகுப்பு நடத்தி வந்தேன். சில மாதங்களுக்கு முன் அவ்வகுப்பில் ஒரு மாணவர் தூணில் சாய்ந்தவாறே உறங்கிவிட்டார். பி.காம். இரண்டாமாண்டு படிப்பவர். சட்டைக் கையில் பனியன் துணியின் பஞ்சுத்துகள் ஒட்டியிருந்தது. சற்றுக் கடுமையாகவே எழுப்பினேன். எழுப்பியதோடு நில்லாமல், நான் ஓதிய காலத்தில் என் உஸ்தாதுமார் எங்களிடம் சொல்லிவந்த வரலாற்றையே அவரிடமும் சொன்னேன்: இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் திமிஷ்க் நகரில் மாணவராக இருந்தபோது இரண்டாண்டுகள் விலாவைத் தரையில் சாய்த்துப் படுத்ததில்லை, நாளொன்றுக்குப் 12 பாடங்கள் ஓதினார்கள். நீரோ அரைமணி நேரம் அமரமாட்டீரா?

அவர் எழுந்து உட்கார்ந்தார். மரியாதை குறையாத குரலில் ஒன்று கேட்டார்: “ஹஜ்ரத், அந்த இமாமுக்குச் சாப்பாடு யார் போட்டாங்க?”

மற்ற மாணவர்கள் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தைய நாள் மாலை ஐந்தரை மணிக்குக் கல்லூரிப் பையோடு கம்பெனிக்குப் போனவர், நள்ளிரவுக்குப் பின்பே செக்கிங் மேசையிலிருந்து எழுந்திருக்கிறார். திங்களன்று கன்டெய்னர் கிளம்ப வேண்டுமாம். வீட்டுக்குப் போய் நூலை எடுத்துப் பார்த்தேன். அவர் கேட்ட கேள்விக்கு விடை அதிலேயே இருந்தது. பலமுறை படித்த பக்கம்தான். அந்த வரியில் மட்டும் நான் நின்றதில்லை.

இமாம் நவவீ அவர்கள் ஹிஜ்ரீ 631 (கி.பி. 1233) ஆம் ஆண்டு ஷாம் தேசத்தின் நவா என்னும் ஊரில் பிறந்தவர்கள். தந்தையார் அங்கே கடை வைத்திருந்தார். சிறுவயதில் கடையில் உட்கார வைத்தபோது வியாபாரத்தில் மனம் செல்லாமல் குர்ஆனிலேயே ஈடுபட்டிருந்தார்கள். 19 வயதில் தந்தையாரே அவர்களைத் திமிஷ்குக்கு அழைத்துச் சென்று ரவாஹிய்யா மதரஸாவில் சேர்த்தார். அங்கு தமக்குரிய உணவு அந்த மதரஸாவின் அன்றாடப் படியாகவே கிடைத்தது என்று இமாம் அவர்களே கூறியிருக்கிறார்கள். அதாவது, யாரோ ஒரு நல்லடியார் வக்ஃபு செய்த சொத்தின் வருமானத்திலிருந்து ரொட்டி வந்தது. இரவெல்லாம் விழித்திருந்தது உண்மை. அந்த விழிப்பில் ஒரு மணி நேரமும் கூலிக்காகச் செலவாகவில்லை என்பதும் உண்மை. முதற்பாதியை மட்டும் மிம்பரிலிருந்து சொல்லிவிட்டு மறுபாதியை நாம் விட்டுவிடுகிறோம்.

கூலி வேலையும் கல்வியும் ஒருசேர வாய்த்த மாணவரின் வரலாறு வேண்டுமென்றால் திமிஷ்கை விட்டு, ஐந்து நூற்றாண்டுகள் முன்னே கூஃபா நகருக்குப் போக வேண்டும். திருப்பூர்வாசிகளுக்கு அந்நகரம் அந்நியமாகத் தோன்றாது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் (ஹிஜ்ரீ 80–150) அங்கே பட்டு கலந்த துணி விற்ற வணிகர். பழுதுள்ள ஒரு துணியைக் குறையைச் சொல்லியே விற்கும்படி தம் கூட்டாளி ஹஃப்ஸிடம் கூறியனுப்பியதும், அவர் மறந்து விற்றுவிட்டதும், அந்தத் தொகை முழுவதையும் இமாமவர்கள் தர்மம் செய்துவிட்டதும் நாம் அறிந்த செய்தியே. செக்கிங் பிரிவில் வேலை செய்யும் நம் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும்.

அந்த இமாமின் வகுப்பில் யஃகூப் என்றொரு ஏழை மாணவர் இருந்தார். பிற்காலத்தில் இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) என்று உலகம் அறிந்தவர். அவருடைய இளமையைப் பற்றி இரண்டு விதமான அறிவிப்புகள் உள்ளன. ஒன்றில் தந்தை உயிரோடிருக்கிறார்: “அபூஹனீஃபாவுக்குச் சுட்ட ரொட்டி இருக்கிறது, உனக்குப் பிழைப்பு வேண்டும்” என்ற கருத்துப்பட மகனைத் தடுக்கிறார். மற்றொன்றில் தந்தை இறந்துவிட, துணி வெளுக்கும் பட்டறை ஒன்றில் தாய் அவரை வேலைக்கு விடுகிறார். அவர் பட்டறையிலிருந்து நழுவி இமாமின் வகுப்பில் போய் உட்காருகிறார். தாய் தேடிவந்து கையைப் பிடித்து இழுத்துச் செல்கிறார். கதீப் பக்தாதீ (ரஹ்) அவர்களின் வரலாற்று நூலில் இரண்டும் இடம்பெற்றுள்ளன. எது வலுவானது என்பதை அறிஞர்களுக்கு விட்டுவிடலாம். நொய்யல் கரையில் சலவைப்பட்டறைகளையும் சாயப்பட்டறைகளையும் பார்த்து வளர்ந்த எனக்கு இரண்டாவது அறிவிப்பே கண்முன் நிற்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை.

இரண்டிலும் அந்தப் பெற்றோரை நான் குறை காணமாட்டேன். அவர்கள் கல்வியின் பகைவர்கள் அல்லர். அடுத்த வேளை உணவுக்கு வழி தேடியவர்கள். இங்கு கவனிக்க வேண்டியது ஆசிரியரின் நடத்தை. மாணவர் வராத நாட்களை இமாமவர்கள் கவனித்திருக்கிறார்கள். மீண்டும் வந்தபோது காரணம் கேட்டார்கள். வகுப்பு கலைந்த பின் ஒரு பையைக் கொடுத்தார்கள். அதில் 100 திர்ஹம் இருந்தது. தொடர்ந்து வகுப்புக்கு வா, இது தீர்ந்ததும் சொல் என்றார்கள். தீர்ந்துவிட்டது என்று தாம் ஒருபோதும் வாய்திறந்து சொல்ல நேர்ந்ததில்லை, அதற்கு முன்பே அடுத்த பை வந்துவிடும் என்று அபூயூஸுஃப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார்கள். கலீஃபா ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் அவர்கள் தலைமை நீதிபதியானார்கள், அரசின் வரி நிர்வாகம் குறித்துக் ‘கிதாபுல் கராஜ்’ எழுதினார்கள், ஹிஜ்ரீ 182 (கி.பி. 798) இல் மறைந்தார்கள். தூங்கி வழியும் மாணவரைக் கண்டதும் எனக்குத் தோன்றியது ஒரு கண்டனம். வராத மாணவரைப் பற்றி அந்த உஸ்தாதுக்குத் தோன்றியது ஒரு கேள்வி.

எல்லா வீட்டிலும் 100 திர்ஹம் பை வராது. அதற்கும் ஒரு முன்மாதிரி உண்டு, அது இன்னும் பழையது. உமர் (ரலி) அவர்கள் மதீனாவின் மேட்டுப்பகுதியான அவாலீயில் வசித்தார்கள். பிழைப்பையும் கவனிக்க வேண்டும்; நபி (ஸல்) அவர்களின் சபையையும் தவறவிடக் கூடாது. அன்சாரியான அண்டை வீட்டாருடன் முறை வைத்துக்கொண்டார்கள். ஒருநாள் அவர் போவார், ஒருநாள் இவர்கள் போவார்கள். போனவர் அன்று அருளப்பட்ட வஹியையும் மற்றச் செய்திகளையும் மாலையில் மற்றவருக்குச் சொல்லிவிடுவார். இமாம் புகாரீ (ரஹ்) இந்த ஹதீஸைக் கல்வி பற்றிய பகுதியில், கல்வியில் முறைவைத்துக்கொள்வது என்றே தனித் தலைப்பிட்டுச் சேர்த்துள்ளார்கள். மறுபுறம் அபூஹுரைரா (ரலி) அவர்கள், முஹாஜிர்கள் கடைத்தெருவிலும் அன்சாரிகள் தோட்டங்களிலும் ஈடுபட்டிருந்தபோது தாம் பசியோடு நபியவர்களை விட்டு நீங்காமல் இருந்ததாகக் கூறுகிறார்கள். முழுநேர மாணவரும் இருந்தார், பாதிநேர மாணவரும் இருந்தார். பாதிநேர மாணவரான உமர் (ரலி) அவர்களை யாரும் குறைவாக மதிப்பதில்லை.

படிப்பையும் பிழைப்பையும் பேசியாயிற்று. நம் வீடுகளில் எளிதில் வெட்டப்படுவது மூன்றாவதான ஓய்வு. ஓய்வு என்றாலே சோம்பல், செல்பேசி, வீண்பொழுது என்று பேசுகிறோம். நம் முன்னோர் அப்படிக் கருதவில்லை.

ஸல்மான் (ரலி) அவர்கள் தம் மார்க்கச் சகோதரர் அபுத்தர்தா (ரலி) அவர்களின் வீட்டுக்குப் போனபோது, அவர் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் வணக்கமுமாக இருந்தார். விருந்தாளி அவரை உண்ண வைத்தார். முன்னிரவில் எழுந்தவரை மீண்டும் படுக்க வைத்தார். கடைசி இரவில் இருவரும் சேர்ந்து தொழுதார்கள். இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் தனித்தனி உரிமை உண்டு என்று ஸல்மான் சொன்னதை நபி (ஸல்) அவர்கள் உண்மைப்படுத்தினார்கள். வணக்கத்திற்கே இந்த அளவு இருக்குமானால் பட்டப்படிப்புக்கும் பீஸ் ரேட்டுக்கும் இல்லாமல் போகுமா?

மேலே சொன்ன கூஃபாவிலேயே, அபூஹனீஃபா அவர்களுக்கு மூன்று தலைமுறை ஆசிரியர்களுக்கு முன், இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வியாழன்தோறும் மட்டுமே பொது உபதேசம் செய்தார்கள். ஒருவர் தினந்தோறும் கேட்க விரும்பியபோது, உங்களுக்குச் சலிப்பூட்ட அஞ்சுகிறேன், நபியவர்களும் எங்களிடம் அப்படித்தான் இடைவெளி விட்டார்கள் என்ற கருத்தில் மறுத்தார்கள். நம் மதரஸா மாணவர்கள் நன்கறிந்த ‘தஃலீமுல் முதஅல்லிம்’ நூலில் இமாம் ஸர்னூஜீ (ரஹ்), செயலற்றுப் போகும் அளவுக்குத் தன்னை வருத்திக்கொள்ளலாகாது என மாணவரை எச்சரிக்கிறார்கள். இரவில் கண்விழித்து நூல்களில் மூழ்கியிருந்த இமாம் முஹம்மத் (ரஹ்), ஒரு கலையில் அயர்வு வந்தால் மற்றொன்றுக்கு மாறிய செய்தியும் அதே நூலில் உண்டு. இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறார்கள். பாடம் முடிந்து வரும் பிள்ளையை நல்ல விளையாட்டு விளையாட விட வேண்டும். தடுத்து எந்நேரமும் படிப்பிலேயே அழுத்தினால் உள்ளம் இறந்துபோகும், அறிவு மழுங்கும், படிப்பிலிருந்து தப்பிக்கவே பிள்ளை தந்திரம் தேடும் என்பது அவர்களின் கருத்து. நள்ளிரவு ஒரு மணிக்குப் போர்வைக்குள் செல்பேசி ஒளிர்வதைக் கண்டு திட்டும் பெற்றோர், அந்தப் பிள்ளைக்குப் பகலில் தனக்கென்று எத்தனை நிமிடம் கிடைத்தது என்றும் எண்ணிப் பார்க்கலாம்.

ஓய்வை மனம்போன போக்கில் விடாமல் கிழமை குறித்தே கொடுத்தவர்கள் கைரவான் நகர அறிஞர்கள். ஆசிரியர்களின் கடமைகள் பற்றி நூல் எழுதிய இப்னு ஸஹ்னூன் (ரஹ், மறைவு ஹிஜ்ரீ 256), வெள்ளி விடுமுறையையும் பெருநாள் விடுமுறைகளையும் ஆசிரியர்களின் நெடுநாள் வழக்கமாகப் பதிவு செய்தார்கள். அடுத்த நூற்றாண்டில் வாழ்ந்த காபிஸீ (ரஹ், மறைவு ஹிஜ்ரீ 403) அவர்களின் நூலில், வியாழன் பிற்பகல் பாடம் நின்று சனி காலையில் தொடங்கும் முறை காணப்படுகிறது. இன்று நம் அரபிக் கல்லூரிகளில் வியாழன் மதியம் பெட்டியைக் கட்டிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு ஓடும் மாணவர்களுக்கு, தங்கள் விடுமுறைக்கு ஆயிரம் ஆண்டு வயது என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமையின் வரலாறு வேறு. அது கேட்டுப் பெறப்பட்டது. பம்பாய் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டிய நாராயண் மேகாஜி லோகாண்டேயின் பல்லாண்டு முயற்சிக்குப் பின் 1890 ஜூன் 10 அன்று ஆலை முதலாளிகள் வார விடுமுறைக்கு இசைந்தனர். நாடு விடுதலையடைந்த பின் வந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், வாரத்திற்கு 48 மணி நேரம் என்ற வரம்பையும் வார விடுமுறையையும் உறுதி செய்தது.

நம் ஊரின் மாணவருக்கு இவ்விரு கிழமைகளும் வாய்க்கவில்லை. வெள்ளியன்று கல்லூரி; ஜும்ஆவுக்கே ஓடிவந்து ஓடுகிறார். ஞாயிறன்று அவசர ஆர்டர். 1925இல் குலாம் காதர் என்பவர் இங்கு முதல் பின்னலாடைக் கூடத்தைத் தொடங்கியதாகத் தொழில் வரலாறு எழுதுவோர் குறிப்பிடுகின்றனர். அன்று முதல் இத்தொழில் நம் வீடுகளுக்கும் சோறு போட்டு வருகிறது, நன்றி மறக்கக் கூடாது. பவர் டேபிளிலும் கைமடியிலும் ஒன்றரை ஷிப்ட் உழைத்த தகப்பன்மாரின் பிள்ளைகள்தாம் இன்று முதன்முறையாகக் கல்லூரி வாசலை மிதிக்கிறார்கள். தகப்பனின் ஒன்றரை ஷிப்ட் அப்படியே பிள்ளைக்கும் வந்து, அதன்மேல் கல்லூரியும் ஏறிக்கொள்கிறது.

அந்த மாணவரின் அத்தாவைப் போய்ப் பார்த்தேன். “நானும் அந்த வயசுல அடிச்சவன்தானே ஹஜ்ரத்” என்றார். மகளின் நிக்காஹ் கடன் நிற்கிறது என்பதையும் சொன்னார். நான் சட்டமும் பேசவில்லை, உபதேசமும் செய்யவில்லை. உமர் (ரலி) அவர்களும் அண்டை வீட்டாரும் முறைவைத்த ஹதீஸை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். மறுவாரம் அவர் மகனும் அதே தெருவில் அதே வகுப்பில் படிக்கும் நண்பரும், ஒருவர் விட்டு ஒருவர் செக்கிங் வேலைக்குப் போவதாக கான்ட்ராக்டரிடம் பேசி முடித்திருந்தார்கள். ஒருவர் கம்பெனியில் இருக்கும் மாலையில் மற்றவர் பாடக் குறிப்பை எழுதி வைக்கிறார். வருமானம் பாதியாகிவிட்டது. அது அந்த வீட்டுக்குச் சிறிய இழப்பு என்று நான் சொல்லமாட்டேன். கடன் தவணையை ஜமாஅத்தில் சிலர் சேர்ந்து இரண்டு மாதம் ஏற்றுக்கொண்டார்கள், அதற்குப் பிறகு என்ன என்பது இன்னும் முடிவாகவில்லை.

வகுப்பை ஃபஜ்ரிலிருந்து ஞாயிறு அஸருக்கு மாற்றிவிட்டேன். சென்ற வாரம் அந்த மாணவர் வரவில்லை. விசாரித்ததில், நண்பர்களோடு திருமூர்த்தி அணைக்குக் குளிக்கப் போயிருப்பதாகச் சொன்னார்கள். வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே விடுப்பு என்று எழுதிக்கொண்டேன்.