மலைநாட்டுத் தோட்டங்களும் குற்றச் சட்டமும்

குற்றம் என்பது காலந்தோறும் மாறாதிருக்கும் ஒன்றன்று. ஒரு தலைமுறையிற் சிறைக்குரியதாயிருந்த செயல் மறு தலைமுறையில் வெறும் ஒப்பந்த மீறலாகக் கொள்ளப்படுதலும் உண்டு. இவ்வுண்மையை நுவரெலியா, அற்றன் முதலிய பகுதிகளை உள்ளிட்ட இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் மலைநாட்டிற் கோப்பி செழித்திருந்த காலத்தில் எழுந்தது. கோப்பி நோயால் அழிந்து தேயிலை பரவிய பின்னரும் அச்சட்டமே தோட்டங்களை ஆண்டது. கடமையிற் பெருங் கவனக்குறைவு, வேலை செய்ய மறுத்தல், குடிவெறி, பணிவின்மை, அனுமதியோ நியாயமான காரணமோ இன்றி வேலையைவிட்டு நீங்குதல் ஆகியன யாவும் அதன்படி குற்றங்களாயின. தண்டனை மூன்று மாதம் வரையான சிறை. பிற தொழில்கள் பலவற்றில் ஒப்பந்தத்தை மீறியவன் நட்டஈடு கொடுத்தல் போதும்; தோட்டத் தொழிலாளியோ குற்றவாளிக் கூண்டில் ஏறவேண்டியவனானான்.

அவனுக்கிருந்த எதிர்வாதம் ‘நியாயமான காரணம்’ என்னும் சொற்களில் அடங்கியிருந்தது. ஆயினும் எழுத்தறியாத ஒருவன், தனக்கு விளங்காத மொழியில் நடைபெறும் நியாயஸ்தலத்தில், துரைக்கு எதிராக அக்காரணத்தை எடுத்துரைத்தல் எளிதன்று. மேலும் அவன் கங்காணியிடம் பட்ட கடனுடனேயே தோட்டத்துக்கு வந்தவன். அக்கடனைத் தீர்த்தால் தொழிலாளரை விடுவிப்பதாக எழுதித் தரும் ‘துண்டு’, ஆட்களைக் கைமாற்றும் கருவியாயிற்று. துண்டு முறையும், தொழில் தொடர்பான தவறுகளுக்குச் சிறையிடும் முறையும் 1921இல் இயற்றப்பட்ட சட்டத்தால் ஒழிக்கப்பட்டன.

எனினும் அத்துடன் குற்றச் சட்டத்தின் நிழல் லயத்தைவிட்டு அகலவில்லை. தொழிலும் இருப்பிடமும் ஒன்றாகப் பிணைந்திருந்தமையால், வேலை போனவுடன் வீடும் போயிற்று. வெளியேறாது தங்கியவர்மீது குற்றமுறையான அத்துமீறல் என்னும் வழக்குத் தொடுக்கப்பட்டது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 427ஆம் பிரிவு இக்குற்றத்தை வரையறுக்கின்றது. பிறர் ஆட்சியிலுள்ள நிலத்திற் புகுதலோ, முறைப்படி புகுந்தபின் சட்டவிரோதமாகத் தங்கியிருத்தலோ மட்டும் இக்குற்றமாகாது. குற்றம் புரியவோ, ஆட்சியுடையவரை அச்சுறுத்தவோ, அவமதிக்கவோ, தொந்தரவு செய்யவோ வேண்டுமென்ற கருத்தும் அதனுடன் சேர்ந்திருத்தல் வேண்டும்.

இக்கருத்தின் பொருள் யாது என்னும் வினா, ‘மன்னர் எதிர் செல்வநாயகம்’ என்னும் வழக்கில் 1950இல் கோமறைக் கழகத்தின் முன் வந்தது. தோட்டத்தைவிட்டு வெளியேறுமாறு அறிவித்தல் பெற்றும் தம் இருப்பிடத்தைவிட்டு நீங்காத ஒருவரைப் பற்றியது அவ்வழக்கு. அவர் தங்கியிருத்தல் துரைக்குத் தொந்தரவு தரும் என்பது வெளிப்படை. ஆனால் விளைவை முன்னறிதல் வேறு; அவ்விளைவையே நோக்கமாகக் கொள்ளுதல் வேறு. தலையாய நோக்கம் தொந்தரவு செய்தலே என்பதை வழக்குத் தொடுப்பவர் நிறுவுதல் வேண்டும். நேர்மையாக உரிமை கோரி நிற்பவரின் உரிமை சட்டத்திற் பிழையாயினும், அதனால் மட்டும் அவர் குற்றவாளியாகார் என்று கழகம் தெளிவுபடுத்தியது. தம் பழைய இருப்பிடத்தில் வாழ விரும்பியதே அவருடைய நோக்கமெனக் கொள்ளப்பட்டது.

இத்தீர்ப்பு தொழிலாளருக்கு லயத்தை உரிமையாக்கிவிடவில்லை. நிலத்துக்குரியவர் குடியியல் நியாயஸ்தலத்தை நாடி வெளியேற்றும் வழி திறந்தேயிருந்தது. ஆயினும் வீட்டுப் பிணக்கைத் தீர்க்கச் சிறையைக் காட்டும் குறுக்குவழி அடைபடலாயிற்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராய் நின்ற காலம் அது. வாக்குரிமை இழந்தவர்க்கும் சட்டத்தின் ஒரு சொல் காவலாய் நின்றமை கருதத்தக்கது. பின்னர் 1971ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தோட்டக் குடியிருப்புகள் பற்றிய சட்டம், நீதிமன்ற ஆணையின்றி அவர்களை வெளியேற்றலாகாதென விதித்தது.

சட்டம் பயிலும் மாணவர் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்க பாடம் ஒன்றுண்டு. செயல் யாது, அதன் பின்னிருந்த கருத்து யாது, அதனை நிறுவும் கடமை எவருடையது என்னும் மூன்று வினாக்களும் எக்குற்றச்சாட்டிலும் கேட்கப்படல் வேண்டும். அவை கேட்கப்படாத காலத்தில் வறுமையே குற்றமாயிற்று. கேட்கப்பட்ட காலத்தில், போக்கிடமற்றவன் தன் வாயிலில் நிற்றல் குற்றமன்றாயிற்று.